நாலு அங்குலம் கூடுதலான இரண்டு ஜீன்ஸ்

கேள்வி: எனக்கு வயது 26. சொந்த ஊர் ஈரோடு, வேலை சென்னையில். உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், இடுப்பு 32. தள்ளுபடியில் ஒரு ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் வாங்கினேன். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், இன்னும் தண்ணீரே படாத தடித்த ரா டெனிம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். இரண்டும் இடுப்பில் கச்சிதம். நீளம் மட்டும் 34. எனக்கு 30 போதும். அறை நண்பன், "மடிச்சு விடுடா, அதான் ஸ்டைல்" என்கிறான். அம்மாவோ, "வயல்ல இறங்கப் போறவன் மாதிரி மடிச்சுக்கிட்டுத் திரியாதே. வெட்டவும் வேணாம், உள்ளே மடிச்சுத் தைச்சிடு" என்கிறார். தெருமுனை டெய்லரிடம் கேட்டால், "வெட்டித் தைச்சுத் தர்றேன், ஆனா கம்பெனி ஓரம் வராது" என்கிறார். தினமும் பைக்கில்தான் அலுவலகம் போகிறேன். மடித்தால் இன்னும் குள்ளமாகத் தெரிவேனோ என்ற கவலையும் இருக்கிறது. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: தம்பி, இரண்டு ஜீன்ஸுக்கும் சேர்த்து ஒரே பதில் கேட்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸை வெட்டித் தையுங்கள். யோசிக்க ஒன்றும் இல்லை. அண்ணன் அனுப்பியதை இப்போதைக்கு மடித்துப் போடுங்கள். அதன் பக்கத்தில் கத்தரியே வரக்கூடாது, குறைந்தது இரண்டு முறை தண்ணீரில் முக்கி எடுக்கும் வரை.

முதலில் அண்ணனுடைய ஜீன்ஸைப் பார்ப்போம். விலை கூடியது அதுதான், கெடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம் உள்ளதும் அதுதான்.

தண்ணீர் படாத டெனிம் எவ்வளவு சுருங்கும் என்பது அந்தத் துணியை ஆலையில் முன்கூட்டியே சுருக்கியிருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. துணியை ஈரமாக்கி, சூடான உருளையின் மேல் கனத்த பட்டையோடு சேர்த்து அழுத்தி, பிறகு சுருங்க வேண்டியதை அங்கேயே சுருக்கிவிடும் முறை ஒன்று உண்டு. 1930-இல் சான்ஃபோர்ட் க்ளூயெட் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கியது. அவர் பெயரிலேயே அதை 'சான்ஃபரைஸ்' என்கிறார்கள். அந்த வேலை முடிந்த துணி வீட்டுத் துவையலில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை சுருங்கும். அது செய்யாத துணி ஏழு, எட்டு, சில சமயம் பத்து பங்குகூட உள்வாங்கும்.

இப்போது உங்கள் அளவில் கணக்குப் போடுங்கள். 34-ஐ 30 ஆக வெட்டித் தைத்துவிட்டீர்கள், துணியோ சான்ஃபரைஸ் செய்யாத ரகம் என்று வையுங்கள். முதல் துவையலில் பத்து பங்கு போனால் மூன்று அங்குலம் காலி. 27 அங்குலக் கால்சட்டையை யார் போடுவது? வெட்டிய துணியை ஒட்டவும் முடியாது. அதே ஜீன்ஸை வெட்டாமல் நனைத்திருந்தால் 34 என்பது 31 பக்கம் வந்து நின்றிருக்கும். ஒரு சின்ன மடிப்பு போட்டால் முடிந்தது வேலை, டெய்லருக்கே போக வேண்டாம்.

எந்த ரகம் என்று லேபிளில் போட்டிருக்கும். போடவில்லையா, துணியைத் தடவிப் பாருங்கள். சுருக்காத துணி அட்டை போல விறைப்பாகவும், மேலே மயிர் மயிராகவும் இருக்கும். அதுவும் சந்தேகமாக இருந்தால் நனைத்து அளந்துவிடுவதே நல்லது. தொடையிடுக்கில் நான்கு தையலும் வந்து சேரும் இடம் இருக்கிறதல்லவா, அங்கே இன்ச் டேப்பை வைத்து உள்பக்கத் தையல் வழியே கீழ் ஓரம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் தனித்தனியே அளக்க வேண்டும். பிறகு உள்ளே வெளியே புரட்டி, பொத்தான் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் சோப்பில்லாத தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஊறப் போடுங்கள். வாளியைத் தனியாக வையுங்கள். சாயம் இறங்கும், கூட ஒரு வெள்ளைச் சட்டை கிடந்தால் அதன் கதை அன்றோடு முடிந்தது. முறுக்கிப் பிழியாமல் இடுப்புப் பக்கமாக நிழலில் தொங்கவிட்டு, காய்ந்ததும் அளவெடுங்கள். இன்னொரு முறையும் இதையே செய்யுங்கள். இரண்டாவது தடவை அளவு குறையாவிட்டால் துணி அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அழகாக மங்க வேண்டுமென்றால் ரா டெனிமை ஆறு மாதம் துவைக்காமல் போட வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்லும். குளிர்நாட்டில் அது நடக்கலாம். சென்னை வெயிலில் பைக் ஓட்டுகிற ஆளுக்கு ஆறு மாத வியர்வையும் அழுக்கும் ஏறினால் தொடையிடுக்கில் நூல் நைந்து போகும், கூடவே நாற்றம் வேறு. நீங்கள் நனைத்துவிட்டே போடுங்கள். மங்கல் அதன் பாட்டுக்கு வரும்.

காய்ந்த பிறகு இன்னொன்றையும் கவனியுங்கள். டெனிம் சாய்வரி நெசவு. துவைத்ததும் அந்தச் சாய்வின் பக்கமாகத் துணி கொஞ்சம் திரும்பும். பக்கத் தையல் கணுக்கால் அருகே முன்னாலோ பின்னாலோ நகர்ந்து நிற்கும். தைத்தவரின் குற்றம் இல்லை அது. ஒரு காலுக்கும் மற்றதற்கும் கால் அங்குலம் வித்தியாசம் வருவதும் இதனால்தான். ஒரு காலை அளந்து அதே அளவில் இன்னொன்றையும் வெட்டித் தரும் டெய்லரிடம் கொடுத்தால், போட்ட பிறகு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

சரி, மடிப்புக்கு வருவோம். உங்கள் அம்மா வயலைச் சொன்னது ஒரு விதத்தில் வரலாற்றுக்குப் பொருத்தம்தான். ஜீன்ஸ் பிறந்ததே உடலுழைப்பு செய்பவர்களுக்காக. பையின் மூலையில் செப்பு ரிவெட் அடிக்கும் யோசனை, நெவாடாவின் ரீனோ ஊரிலிருந்த ஜேகப் டேவிஸ் என்ற தையல்காரருடையது. அவருக்குத் துணி கொடுத்து வந்த லீவை ஸ்ட்ராஸும் அவரும் சேர்ந்து 1873 மே 20-இல் காப்புரிமை பெற்றார்கள். எங்கள் தொழிற்காரர் ஒருவர் பெயர் பின்னால் போய், துணி வியாபாரி பெயர் முன்னால் நிற்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, அது கிடக்கட்டும். சான்ஃபரைஸ் வருவதற்கு முன்னால் ஜீன்ஸ் எல்லாமே சுருங்கும் துணி. நீளமாக வாங்கி, மிச்சத்தை மடித்துவிட்டு, சுருங்கச் சுருங்க மடிப்பை இறக்கிக்கொள்வது அங்கே சாதாரண வழக்கம். வளரும் பையன்களுக்கும் அப்படித்தான். தேவைக்காக வந்த மடிப்பு பிறகு அழகாகிவிட்டது.

உங்கள் அண்ணன் அனுப்பியதைப் புரட்டி, காலின் வெளிப்பக்கத் தையலைப் பாருங்கள். அங்கே ஓவர்லாக் இல்லாமல் சுத்தமான வெள்ளைக் கரை, நடுவில் பெரும்பாலும் ஒரு சிவப்பு இழை தெரிகிறதா? தெரிந்தால் அது, குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா ஓடும் பழைய தறியில் நெய்த துணி. ஈரோட்டுக்காரருக்கு நாடா தறியையும் கரையையும் நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தறியில் துணி அகலம் முப்பது அங்குலம் பக்கம்தான் வரும், வேகமும் குறைவு. அதனால் விலை அதிகம். அமெரிக்காவில் இதற்குப் பேர்போன வட கரோலினா க்ரீன்ஸ்பரோவின் ஒயிட் ஓக் ஆலை 1905-இல் தொடங்கி 2017 கடைசியில் மூடப்பட்டது. ஜப்பானின் ஒகயாமா பக்கம் இன்னமும் அந்தத் தறிகள் ஓடுகின்றன. மடித்தால்தான் அந்தக் கரை வெளியே தெரியும். உங்கள் நண்பன் 'ஸ்டைல்' என்று சொல்வதன் பின்னணி இதுவே. கரையே இல்லாத துணியை மடித்தால் ஓவர்லாக் நூல்தான் தெரியும், அதைக் காட்டிக்கொண்டு திரிவதில் பெருமை ஒன்றும் இல்லை.

எத்தனை அங்குலம் மடிப்பது? ஒரே மடிப்பென்றால் மடித்த அகலம் எவ்வளவோ அவ்வளவு உயரம் குறையும். இரட்டை மடிப்பென்றால் அகலத்தைப் போல் இரு மடங்கு குறையும். நாலு அங்குலத்தை ஒரே மடிப்பில் முடித்தால் கணுக்காலில் ஒரு வெள்ளைப் பட்டை கட்டிவிட்டது போல் ஆகும். இரட்டையாக இரண்டிரண்டு அங்குலம் மடித்தால் மூன்று அடுக்குக் கனமான துணி வளையமாக நிற்கும். நனைத்து முடித்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, ஒன்றரை அங்குலத்துக்குள் ஒற்றை மடிப்பாக வருகிற மாதிரி அமைத்துக்கொள்வதே உங்கள் உயரத்துக்குச் சரி. இரண்டைத் தாண்ட வேண்டாம்.

குள்ளமாகத் தெரிவீர்களா என்று கேட்டீர்கள். நான் பார்த்த வரையில் மனிதரைக் குள்ளமாக்குவது மடிப்பைவிட, மடிக்காமல் விட்ட நீளம். நாலு அங்குலத் துணி ஷூவின் மேல் சுருக்கம் சுருக்கமாய் உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியாது. ஒன்றரை அங்குல மடிப்பு அந்த அளவுக்குக் குறைக்காது. டெனிமில் நெடுக்கே ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. அதனால் உள்பக்கம் வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்புக் கோடு காலைக் குறுக்கே வெட்டுவது உண்மைதான். வெள்ளை ஷூ போட்டால் கோடு கீழோடு சேர்ந்துவிடும், கறுப்பு ஷூவுக்குத் துருத்தித் தெரியும்.

பைக் விஷயம் இதைவிட முக்கியம். உட்கார்ந்து முழங்காலை மடக்கினால் ஜீன்ஸ் சுமார் இரண்டு அங்குலம் மேலே ஏறும். நிற்கும்போது கணுக்காலுக்குச் சரியாக இருக்கும் கால், வண்டியில் உட்கார்ந்ததும் வெறும் தோலைக் காட்டும், வலப்பக்கம் சைலன்சர் சூடு தொடும் தூரத்தில். எனவே நிற்கும்போது ஷூவின் மேல் அரை அங்குலம் உட்காரும்படி நீளம் வையுங்கள். தளர்ந்த மடிப்பு கியர் லீவரிலோ ஃபுட்ரெஸ்டிலோ மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. சிக்னலில் காலை ஊன்றும் நேரத்தில் மாட்டினால் வண்டியோடு சாய வேண்டியதுதான். மடிப்பை நன்றாக அழுத்தி இஸ்திரி போட்டு, பக்கத் தையல்கள் இரண்டிலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நாலு கைத்தையல் போட்டு நிறுத்துங்கள். துவைக்கும்போது பிரித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மடிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சேறும் தண்ணீரும் அதற்குள் போய்த் தங்கும், மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அது மட்டும் ஈரமாயிருக்கும். அந்த இரண்டு மாதம் இந்த ஜீன்ஸுக்கு ஓய்வு கொடுத்தால் என்ன?

மடிப்பில் இன்னொரு செலவு இருக்கிறது. அதை மடிக்கச் சொல்பவர்கள் சொல்ல மாட்டார்கள். இண்டிகோ சாயம் நூலின் மேலேதான் ஏறும், நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். உரச உரச மேல் சாயம் போய் வெள்ளை வெளியே வரும். ஜீன்ஸ் மங்குவதன் ரகசியமே அதுதான். மடிப்பின் விளிம்பு நடக்கும்போதெல்லாம் உரசுகிறது. ஓராண்டு அதே இடத்தில் மடித்துப் போட்டீர்களென்றால் அங்கே வெள்ளைக் கோடு விழும், துணியும் மெலியும், கடைசியில் கீறிக்கொள்ளும். பிறகு மடிப்பை இறக்கினாலும் அந்தக் கோடு காலைச் சுற்றிப் போகாமல் நிற்கும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து மடிப்பவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. துவைக்கும் முன் மடிப்பை இறக்கி, உள்ளே சேர்ந்த மண்ணைத் தட்டிவிடுங்கள். மண்தான் உப்புத்தாள் போல உள்ளே இருந்து துணியைத் தேய்க்கிறது.

ஆக, இந்த ஜீன்ஸுக்கு என் யோசனை இதுதான். நனைத்த பிறகு அளவு 33 பக்கம் நின்றால், அதாவது சான்ஃபரைஸ் செய்த துணியாக இருந்தால், சில வாரம் மடித்துப் போட்டுப் பாருங்கள். எந்த ஷூவுக்கு எந்த உயரம் உங்களுக்கு ஒத்து வருகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். அப்புறம் வெட்டலாம், ஆனால் 30-க்கு வேண்டாம். முடிந்த நீளம் 31 ½ இருக்கட்டும். ஒன்றரை அங்குலம் ஒற்றை மடிப்புக்கு. அடியில் அரை அங்குல ஓரத்தை இரண்டு முறை மடித்துத் தைக்க ஒரு அங்குலம் வேண்டும், எனவே கத்தரி போக வேண்டிய இடம் 32 ½. இந்த அளவைத் தாளில் எழுதி டெய்லரிடம் கொடுங்கள். வாயால் சொன்னால் 'முப்பது'தான் காதில் விழும்.

இந்த ஜீன்ஸின் அடி ஓரத்தைச் சங்கிலித் தையலில் தைக்கச் சொல்லிக் கேளுங்கள். இப்போதுள்ள ஓரத்தைப் புரட்டிப் பார்த்தால், உள்பக்கம் நூல் சங்கிலி கோத்தது போல் ஓடும், வெளிப்பக்கம் சாதாரணத் தையல் போல் இருக்கும். யூனியன் ஸ்பெஷல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 43200ஜி மெஷின் இந்த வேலைக்கென்றே பேர் பெற்றது. அந்த மெஷின் துணியை மடித்துக்கொண்டே தைக்கும்போது மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. ஓரம் லேசாக முறுக்கிக்கொள்ளும். நாலைந்து துவையலுக்குப் பிறகு அந்த முறுக்கின் மேடெல்லாம் வெளுத்து, பள்ளமெல்லாம் நீலமாக நின்று, சாய்வாகக் கயிறு திரித்தது போல் தெரியும். ஜீன்ஸ் பிரியர்கள் உயிரை விடுவது அந்தக் கயிற்றுக்குத்தான். மெஷினின் குறையென்று சொல்ல வேண்டியதை உலகம் அழகென்று எடுத்துக்கொண்டது. பெருநகரங்களில் ஜீன்ஸுக்கென்று இருக்கும் சில கடைகளில் சங்கிலித் தையல் மெஷின் வைத்திருக்கிறார்கள், விசாரித்துப் போங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண லாக் ஸ்டிச் போதும். உழைப்பில் அதுதான் உசத்தி என்றுகூடச் சொல்வேன்: சங்கிலித் தையலில் முடிகிற பக்கத்து நூல் நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழு ஓரமும் பிரிந்துவிடும். யாரோ அடியில் ஒரு நூல் தொங்குகிறதே என்று பாசமாக இழுத்துவிட்டால் அவ்வளவுதான். தொங்கினால் கத்தரியுங்கள், இழுக்காதீர்கள்.

இனி ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ். இதில் பஞ்சோடு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்திருக்கும். கம்பெனியிலேயே வாஷ் செய்து வந்த துணி என்பதால் சுருக்கம் அதிகம் இருக்காது. ஒரு முறை வீட்டில் துவைத்துவிட்டு வெட்டினால் போதும். மடிப்பு இதற்கு அழகில்லை. கரை கிடையாது, துணி மெல்லிசு, அதனால் மடிப்பு நிற்காமல் வழுக்கும்.

"வெட்டாமல் உள்ளே மடித்துத் தை" என்ற அம்மாவின் யோசனை எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட யூனிஃபார்ம் பேன்ட் தைக்க வரும் தாய்மார்கள் எல்லாரும், "வளர்ற புள்ள, உள்ளே நாலு விரக்கடை விட்டுத் தைங்க" என்றுதான் சொல்வார்கள். டெரிகாட்டன் துணிக்கு அது அருமையான யோசனை. டெனிமுக்குப் பொருந்தாது. உள்ளே மடிந்த நாலு அங்குலமும் கணுக்காலில் வளையம் போலக் குத்தும். அதன் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே வெளிப்பக்கம் மேடு தட்டி, துவைக்கத் துவைக்க வெள்ளைக் கோடாகும். உங்களுக்கு இனி உயரம் கூடப் போவதும் இல்லை. அம்மாவிடம் சாந்தமாகச் சொல்லுங்கள்.

உங்கள் தெருமுனை டெய்லர் நேர்மையான மனிதர். கம்பெனி ஓரம் வராது என்று சொன்னாரே, அது உண்மை. கம்பெனியில் ஜீன்ஸை முழுதாகத் தைத்து முடித்த பிறகுதான் வாஷுக்குப் போடுகிறார்கள். கல்லோடும் என்சைமோடும் சுழலும்போது ஓரத்தின் மேடு பள்ளமெல்லாம் உரசி அந்த மங்கல் விழுகிறது. வெட்டினால் அந்த மங்கிய ஓரம் துண்டோடு கீழே போய்விடும். புதிதாக மடித்த ஓரம் கருநீலமாக, சமமாக நிற்கும்.

அந்தப் பழைய ஓரத்தையே மேலே ஏற்றி ஒட்டும் வழி ஒன்று இருக்கிறது. 'ஒரிஜினல் ஓரம் வச்சுத் தைங்க' என்றால் பல டெய்லர்களுக்குப் புரியும். காலை வெளிப்பக்கமாக மடித்து, பழைய ஓரத் தையலின் மேல் விளிம்பிலிருந்து புது மடிப்பு வரை, குறைக்க வேண்டிய நீளத்தில் பாதி வருகிற மாதிரி வைக்க வேண்டும். நாலு அங்குலம் குறைக்க இரண்டு அங்குலம். ஓரத்தை ஒட்டி, அதன் மேல் ஏறாமல் ஒரு சுற்றுத் தையல் போட்டு, உள்ளே மிஞ்சும் துணியை அரை அங்குலம் விட்டு வெட்டி ஓவர்லாக் அடித்து, ஓரத்தைக் கீழே இறக்கி அழுத்தி இஸ்திரி போட்டால் பழைய ஓரம் தன் மங்கலோடு அப்படியே வந்து உட்காரும். கிட்டே வந்து பார்த்தால்தான் மெல்லிய தையல் கோடு தெரியும்.

நேர்க்காலாக இருக்கும் பேன்ட்டுக்கு இது பிரமாதம். கீழே குறுகும் ஸ்லிம் ரகத்துக்குத்தான் தகராறு. நாலு அங்குலம் மேலே கால் அகலமாக இருக்கும், பழைய ஓரமோ குறுகல். இரண்டின் சுற்றளவும் சேராது. பேன்ட்டைத் தரையில் விரித்து அடி அகலத்தையும், நாலு அங்குலம் மேலே உள்ள அகலத்தையும் அளந்து பாருங்கள். கால் அங்குலம் வித்தியாசமென்றால் கைப்பழக்கம் உள்ளவர் சமாளித்துவிடுவார். அரை அங்குலம், முக்கால் என்றால் பக்கத் தையலைப் பிரித்து முழங்காலிலிருந்து கீழே குறைத்துக்கொண்டு வர வேண்டும். அதற்கு ஆகும் கூலியைப் பார்த்தால் தள்ளுபடியில் வாங்கியதன் லாபம் போய்விடும். எனவே இந்த ஜீன்ஸுக்குச் சாதாரண ஓரமே போதும் என்பேன். உங்கள் கணுக்காலை யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை.

ஆனால் அந்தச் சாதாரண ஓரத்தையும் ஒழுங்காகத் தைக்கத் தெரிய வேண்டும். 1995 வாக்கில் அகமதாபாத் அரவிந்த் மில் 'ரஃப் அண்ட் டஃப்' என்று துணி, ஜிப், பொத்தான், ரிவெட், லேபிள் எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலமாகத் தைக்காத ஜீன்ஸ் விற்றார்கள். வாங்கி ஊர் டெய்லரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். சின்ன ஊர் டெய்லர்கள் பலர் டெனிமோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான். டெனிம் மற்ற பேன்ட் துணி மாதிரி மசியாது.

முட்டும் இடம் உள்பக்கத் தையல். அங்கே இரண்டு பாகத் துணியும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து நாலு அடுக்கு. ஓரத்தை இரண்டு முறை மடித்தால் அது மூன்று மடங்கு. பன்னிரண்டு அடுக்கு டெனிம் ஊசிக்குக் கீழே வந்து நிற்கும். மெஷின் அந்த மேட்டில் ஏறும்போது தையல் குட்டையாகும், ஊசி வளையும், சில சமயம் ஒடிந்து தெறிக்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உள்ளே போகும் மடிப்பில் தையலின் கனத்தைக் கொஞ்சம் கத்தரித்துவிட வேண்டும். மடித்த இடத்தை மரத்தில் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் அடங்கும். மேட்டில் ஏறும் முன், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் பின்பக்கம் அதே உயரத்துக்கு ஒரு துண்டு டெனிமை மடித்துக் கொடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி அந்த நாலைந்து தையலைப் போட வேண்டும். தடித்த துணிக்கு 18-ஆம் நம்பர் ஊசி, இந்த ஸ்ட்ரெட்சுக்கு 14 அல்லது 16, அதிலும் ஸ்ட்ரெட்ச் துணிக்கான ஊசி. கூர் ஊசி எலாஸ்டேன் இழையைக் குத்தி அறுத்துவிட்டால் சில துவையலில் அங்கே துணி தொய்ந்துவிடும். தைக்கும்போது துணியை இழுத்துப் பிடித்தாலும் ஓரம் அலை அலையாக நிற்கும். இழுக்காமல் விட்டு, கடைசியில் நீராவி இஸ்திரி.

நூலைப் பற்றி டெய்லரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சட்டைக்குப் போடும் மெல்லிய நூலில் தைத்தால் ஜீன்ஸின் ஓரம் அனாதையாகத் தெரியும். மேலே ஜீன்ஸுக்கான கெட்டி நூல், பாபினில் சாதாரண நூல், தையல் நீளம் அங்குலத்துக்கு ஏழெட்டு. நிறத்துக்குப் பேன்ட்டைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத் தையல் நூலோடு வைத்துப் பாருங்கள். வாஷ் செய்த ஜீன்ஸில் பழைய நூலும் மங்கியிருக்கும், பளபளக்கும் புது மஞ்சள் நூல் தனியாகக் கத்தும். புகையிலை நிறத்தை ஒட்டிய பழுப்பு பெரும்பாலும் ஒத்துப்போகும். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் டேப் என்று ஒன்று விற்கிறார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய்வர அது தாங்கும்.

அளவு கொடுக்கும்போது பெல்ட் கட்டி, வழக்கமாகப் போடும் ஷூவோடு, நேரே பார்த்து நில்லுங்கள். குனிந்து 'எங்கே பின் குத்துறார்' என்று பார்த்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், அளவு நீண்டுவிடும்.

அடுத்த முறை வாங்கும்போது 34 நீளத்தைத் தொடாதீர்கள், தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும். நீளத்தை அடியில் வெட்டலாம், முழங்காலை மேலே ஏற்ற முடியாது. 34 நீளத்துக்குப் போட்ட கட்டிங்கில் முழங்கால் வரும் இடம் உங்களுக்குக் கெண்டைக்கால் பக்கம் இறங்கியிருக்கும்; கம்பெனி போட்ட முழங்கால் மங்கல் முழங்காலுக்குக் கீழே தெரியும். இரண்டு அங்குலம் வரை யாருக்கும் தெரியாது, நாலு அங்குலத்தில் தெரிகிறது. பல கம்பெனிகள் அதே இடுப்புக்கு 30 நீளமும் போடுகின்றன. கடையில் தொங்கவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

வெட்டியெடுத்த துண்டுகளை டெய்லரிடம் விட்டுவராதீர்கள், இரண்டு ஜீன்ஸின் துண்டையும் கேட்டு வாங்கி பீரோவில் போட்டு வையுங்கள். தினமும் பைக் ஓட்டுபவருக்கு முதலில் கிழிவது தொடையிடுக்கு. அன்றைக்கு உள்ளே வைத்து ஒட்டுப் போட அதே நிறம், அதே கனத் துணி கடையில் கிடைக்காது.